குளோரினோடு குடித்தனம்: தினமும் நீந்துபவர்கள் தோலைக் காப்பது எப்படி?

முழங்காலுக்குக் கீழே, எலும்பு கைக்குத் தட்டுப்படும் இடத்தில், நகத்தால் லேசாக ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். ஒன்றும் தெரியவில்லை என்றால் சரி. சிலேட்டில் பலப்பம் இழுத்த மாதிரி கோடு வெள்ளையாக நின்றால் தோலில் எண்ணெய்ப்பசை வற்றிவிட்டது என்று அர்த்தம்.

முதுகுவலிக்காக நீச்சலில் சேர்ந்த மூன்றாம் மாதம், என் காலில் முகவரியே எழுதலாம் போல இருந்தது. முதுகு சரியாகிவிட்டது. ஆனால் ஆபீஸில் மேசைக்கு அடியில் ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். "அந்தத் தண்ணியில அப்படி என்னதான்டி கொட்றாங்க?" என்று அம்மா கேட்டார். தொள்ளாயிரம் ரூபாய்க்கு ஒரு கிரீம் வாங்கி இரவு படுக்கும்போது பூசினேன். பலனில்லை. கிரீம் மேல் தப்பில்லை. பூசிய நேரம்தான் தப்பு. இதில் முக்கால்வாசி விஷயம் நேரம்தான். குளத்தில் இறங்குவதற்கு முன் ஒரு நிமிடம், ஏறிய பிறகு பத்து நிமிடம். இந்தப் பதினொரு நிமிடத்தில் எதை எந்த வரிசையில் செய்வது என்பதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

முதலில், குளோரின் என்ன செய்கிறது?

குளத்தில் பிளீச்சிங் பவுடர் கொட்டினாலும், டிசிசிஏ என்கிற வெள்ளைக் கட்டியைப் போட்டாலும், "எங்களுடையது சால்ட் வாட்டர் பூல், குளோரினே கிடையாது" என்று அபார்ட்மென்ட் விளம்பரத்தில் சொன்னாலும், கடைசியில் தண்ணீரில் உருவாவது ஒன்றுதான்: ஹைப்போகுளோரஸ் அமிலம். உப்புநீர்க் குளத்தில் அந்த உப்பையே மின்சாரத்தால் பிரித்துக் குளோரின் ஆக்குகிறார்கள், அவ்வளவே வித்தியாசம். நம் ரத்தத்தின் வெள்ளையணுக்களும் கிருமியைக் கொல்ல இதே அமிலத்தைத்தான் தயாரிக்கின்றன.

ஒழுங்காகப் பராமரிக்கப்படும் குளத்தில் குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் இருக்கும். இதைத்தான் பிபிஎம் என்கிறார்கள். கரப்பான் (எக்ஸிமா என்கிற தோல் அழற்சி) உள்ள சிலருக்குத் தோல் மருத்துவர்கள் மிகவும் நீர்த்த பிளீச் குளியல் எழுதிக் கொடுப்பதுண்டு. அதில் குளோரின் சுமார் 50 பிபிஎம். (மருத்துவர் சொல்லாமல் வீட்டில் யாரும் இதை முயற்சி செய்ய வேண்டாம்.) அது மருந்தாகிறது, குளத்தின் 2 பிபிஎம் மட்டும் நம்மைப் பாடாய்ப்படுத்துகிறதே, ஏன்? அந்தக் குளியல் பத்து நிமிடம்தான். முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, ஈரம் காயும் முன் களிம்பு பூசிவிடுவார்கள். நாமோ முக்கால் மணி நேரம் ஊறிவிட்டு, ஈர உடையோடு அரட்டை அடித்துவிட்டு, நேராக ஏசியில் போய் உட்காருகிறோம்.

தோலுக்குள் நடப்பது இதுதான். மேல்தோல் செல்களுக்கு இடையே செங்கல்லுக்கு நடுவே சுண்ணாம்பு போலக் கொழுப்பு இருக்கிறது. நீரில் நெடுநேரம் ஊறினால் தோல் உப்பி, ஈரத்தைப் பிடித்துவைக்கும் இயற்கைப் பொருள்கள் கரைந்து வெளியேறும். குளோரின் அந்தக் கொழுப்பையும் அரிக்கும். கரையேறியதும், ஒட்டியிருக்கும் தண்ணீர் காயும்போது உள்ளே இருந்த ஈரத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் தண்ணீருக்குள் இருக்கும்போது தெரியாத அரிப்பு, காய்ந்த பிறகு தொடங்குகிறது.

படி 1: குளத்தை மூக்கால் சோதியுங்கள்

எங்கள் குளத்தைப் பராமரிக்கும் அண்ணன் ஒருநாள் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மொண்டு, சொட்டு மருந்து விட்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னைக்கு குளோரின் ஜாஸ்தியா அண்ணா? நாத்தம் மூக்கைத் துளைக்குதே" என்றேன். "நாத்தம் வந்தா பத்தலைன்னு அர்த்தம் மேடம். பாதிப் பேரு குளிக்காமத்தான் இறங்குறாங்க. அவங்க அழுக்கைத் தின்னுட்டு அது நாறுது" என்றார்.

அவர் சொன்னது வேதியியல். குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து குளோரமின்கள் ஆகிறது. கண்ணைச் சிவக்க வைப்பது, தொண்டையைக் கமறச் செய்வது, தோலை எரிய வைப்பது எல்லாம் பெரும்பாலும் அவைதாம். நல்ல குளம் அநேகமாக வாசனையே இல்லாமல் இருக்கும். அடித்தளத்தில் இருக்கும் கறுப்புக் கோடும் வடிகால் மூடியும் கலங்கலில்லாமல் தெரிய வேண்டும். ஓரத்து டைல்ஸ் விரலில் வழுக்கக் கூடாது.

சொந்தமாகச் சோதிக்க ஆசை என்றால், நனைத்துப் பார்க்கும் பட்டைகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. "ஃப்ரீ குளோரின்", "டோட்டல் குளோரின்" இரண்டும் காட்டும் பட்டையாக வாங்குங்கள். டோட்டலில் ஃப்ரீயைக் கழித்தால் வருவது குளோரமின். அது 0.4 பிபிஎம்முக்கு மேல் போனால் புதுத் தண்ணீர் விடவோ, கூடுதல் குளோரின் போட்டு எரிக்கவோ வேண்டும். சொட்டு விட்டால் மஞ்சளாகும் பழைய கிட் இரண்டையும் பிரித்துக் காட்டாது.

பிஎச் (அமிலமா, காரமா என்று காட்டும் அளவு, 7 என்றால் நடுநிலை) 7.2 முதல் 7.8 வரை நல்லது. 7.5ல் குளோரினில் பாதிதான் வீரியமாக வேலை செய்யும். 8க்குப் போனால் கால்வாசிதான். உடனே பராமரிப்பவர் இன்னும் கொட்டுவார். நம் தோலின் பிஎச் சுமார் 5. தண்ணீர் காரமாக ஆக ஆகத் தோலுக்குத்தான் கஷ்டம்.

இன்னொன்று, எப்போது மருந்து போடுகிறார்கள் என்று விசாரியுங்கள். திறந்தவெளிக் குளங்களில் பெரும்பாலும் இரவில் போடுவார்கள். ஸ்டெபிலைசர் (வெயிலில் குளோரின் சிதையாமல் காக்கும் பொருள்) கலக்காத குளோரினை வெயில் ஓரிரு மணி நேரத்தில் பெரும்பாலும் தின்றுவிடும் என்பதுதான் காரணம். ஆகவே அதிகாலை முதல் பேட்ச்சுக்குத்தான் குளோரின் கூடுதலாக இருக்கும். காலடியில் கரையாத வெள்ளைத் துகள் தென்பட்டால் அன்றைக்கு இறங்காதீர்கள். அது தோலில் ஒட்டினால் பொத்துவிடும்.

படி 2: முந்தின நாளே யோசிக்க வேண்டியவை

ஷேவிங், வேக்ஸிங், த்ரெடிங் எதுவானாலும் நீச்சலுக்கு முன் குறைந்தது ஓர் இரவு இடைவெளி விடுங்கள். அதே காலையில் அக்குளை மழித்துவிட்டு இறங்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நம்மூருக்கே உரிய ஒரு பிரச்சினை கயிறு. கோயிலில் கையில் கட்டிவிட்ட கயிறு, அரைஞாண் கயிறு, தாலிச் சரடு. குளோரின் தண்ணீரில் ஊறிய நூல் நாள் முழுக்க ஈரமாக ஒரே இடத்தில் உரசிக்கொண்டிருக்கும். அதன் அடியில் அரிப்பு, பிறகு படை. கழற்றக்கூடியதைக் கழற்றிவையுங்கள். கழற்ற மனமில்லை என்றால், குளித்த பிறகு கயிற்றைப் பிழிந்து அதன் அடியில் துடைத்து உலரவிடுங்கள். மோதிரத்துக்கும் இதே கதைதான். வெள்ளிக் கொலுசு குளோரினில் கறுத்துவிடும், அது தனி வருத்தம்.

படி 3: இறங்கும் முன் ஒரு நிமிடம்

ஷவரில் ஒரு முழு நிமிடம் நில்லுங்கள். தலை, அக்குள், இடுக்கு, பாதம் எல்லாம் நனைய வேண்டும். காய்ந்த துணி முதலில் படும் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், முடியும் அப்படித்தான். நல்ல தண்ணீரைக் குடித்த முடி, குளத்துத் தண்ணீரைக் குறைவாகக் குடிக்கும். வியர்வை, பவுடர், மஞ்சள், முந்தின நாள் வைத்த சாம்பிராணிப் புகை வரை எல்லாம் இங்கேயே போய்விட்டால் குளத்தில் குளோரமின் உருவாவதும் குறையும். பாத்ரூம் போய்விட்டு வருவதும் இதில் சேர்த்திதான். வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்புறம் எண்ணெய். தேங்காயெண்ணெய் தடவினால் பாதுகாப்பு என்று கோச் சொல்லுவார். உண்மைதான், ஆனால் அளவு முக்கியம். வீட்டிலிருந்து கிளம்பும் முன், முழங்கை, முழங்கால், கால் முன்பக்கம், கழுத்து மடிப்பு ஆகிய இடங்களில் மட்டும் கை வழுக்காத அளவுக்கு மெல்லத் தேயுங்கள். உடம்பெல்லாம் வழிய வழிய எண்ணெய்க் குளியல் போட்டுவிட்டு இறங்கினால் தண்ணீரில் படலம் மிதக்கும், படிக்கட்டு வழுக்கும், ஃபில்டர் அடைக்கும், நாலு பேர் திட்டுவார்கள். காஸ்ட்யூம் பட்டை உரசும் தோளிலும் அக்குள் ஓரத்திலும் எண்ணெயைவிடப் பெட்ரோலியம் ஜெல்லி நன்றாக நிற்கும். காகிள்ஸ் உட்காரும் இடத்தில் மட்டும் எதுவும் பூசாதீர்கள், கண்ணாடி நழுவித் தண்ணீர் புகும்.

கறுப்பது குளோரினால் அல்ல

எங்கள் பேட்ச்சில் புதிதாகச் சேருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "கறுத்துடுவோமாக்கா?" என்பது. கறுப்பது வெயிலால். தண்ணீருக்குள் இருக்கிறோம், குளிர்ச்சியாக இருக்கிறது, அதனால் வெயில் படவில்லை என்ற நினைப்புதான் வினை. அரை மீட்டர் ஆழத்தில்கூடப் புறஊதாக் கதிர் மேற்பரப்பில் உள்ளதில் சுமார் 40 சதவீதம் இருக்கும். நீந்துபவரின் முதுகும் தோளும் அரை மீட்டர் ஆழத்தில்கூட இல்லை, மேலேயே இருக்கின்றன.

முடிந்தால் எட்டு மணிக்குள் கரையேறும் பேட்ச், இல்லையென்றால் சாயங்காலம். இதற்கு ஈடு எந்தக் கிரீமும் இல்லை. பகலில்தான் முடியும் என்றால் முழுக்கை ஸ்விம் சூட் வாங்குங்கள். துணி தண்ணீரில் கரைவதில்லை. மீதி இடங்களுக்கு எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத, "வாட்டர் ரெசிஸ்டன்ட்" என்று போட்ட சன்ஸ்கிரீன். அதில் 40 நிமிடம் அல்லது 80 நிமிடம் என்று குறித்திருக்கும். அதற்கு மேல் நம்பாதீர்கள். ஷவர் முடித்துத் துடைத்த பிறகு பூசி, கால் மணி நேரம் கழித்து இறங்குங்கள். சன்ஸ்கிரீன் பூசும் இடத்தில் எண்ணெய் வேண்டாம். இரண்டும் கலந்தால் இரண்டும் உருப்படாது. முகத்துக்கும் கைக்கும் சன்ஸ்கிரீன், காலுக்கு எண்ணெய் என்று பிரித்துக்கொண்டேன், தகராறு இல்லை.

உடை விஷயத்தில் ஒன்றே ஒன்று: பருத்தி லெகிங்ஸும் டி-ஷர்ட்டும் வேண்டாம். பருத்தி தண்ணீரை உறிஞ்சிக் கனத்து, குளோரினைத் தோலோடு ஒட்டிவைத்துக்கொண்டே இருக்கும். உடம்பை மூடி நீந்த விரும்புபவர்களுக்கு முழங்கால் வரை, கணுக்கால் வரை பாலியஸ்டரில் இப்போது எவ்வளவோ கிடைக்கின்றன. லைக்ரா அதிகம் கலந்ததைக் குளோரின் சீக்கிரம் தொளதொள ஆக்கிவிடும்.

படி 4: ஏறிய பிறகு பத்து நிமிடம்

இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். கரையேறியதும் பேச உட்காராதீர்கள். நேராக ஷவர். வெதுவெதுப்பாகவோ பச்சைத் தண்ணீராகவோ இருக்கட்டும், சுடுதண்ணீர் வேண்டாம். அது மிச்சம் இருக்கிற எண்ணெயையும் கழுவிவிடும். காஸ்ட்யூமைக் கழற்றிவிட்டோ, முடியாத இடத்தில் பட்டையை விலக்கியோ, துணிக்கு அடியில் தண்ணீர் ஓட வேண்டும். இடுப்பு இலாஸ்டிக், மார்புக்குக் கீழ், தொடை இடுக்கு ஆகிய இடங்களில்தான் குளோரின் தண்ணீர் தங்கும்.

சோப்பு எல்லா இடத்துக்கும் வேண்டாம். அக்குள், இடுக்கு, பாதம் போதும். கைக்கும் காலுக்கும் வெறும் தண்ணீர். சாதாரணக் குளியல் சோப்பின் பிஎச் 9, 10 என்று இருக்கும். குளம் செய்ததைவிட மோசமான வேலையை அது செய்துவிடும். 5.5 பிஎச் என்று போட்ட பாடி வாஷோ சிண்டெட் சோப்போ (காரமில்லாத செயற்கைச் சோப்பு) நல்லது. சென்னையில் பல இடங்களில் போர் தண்ணீர்தான் வருகிறது. அந்த உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் ஒரு பிசுக்காகத் தோலிலேயே படியும். நுரை வரவில்லையே என்று இன்னும் இரண்டு முறை தேய்ப்போம். என் கால்கள் சிலேட்டு ஆனதில் பாதிப் பங்கு குளத்துக்கு, மீதி எங்கள் வீட்டு போருக்கு.

குளித்தும் குளோரின் வாசனை போகவில்லை என்று சிலர் இரண்டாம் தடவை சோப்புப் போடுவார்கள். தோலின் புரதத்தோடு சேர்ந்துவிட்ட கொஞ்சம் குளோரமின்தான் அந்த வாசனை. தானாகப் போய்விடும், விடுங்கள்.

டவலால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தோல் இன்னும் கொஞ்சம் ஈரமாக இருக்க வேண்டும். அந்த ஈரத்தின் மேல், மூன்று நிமிடத்துக்குள், மாய்ஸ்சரைசர். உடை மாற்றும் அறையிலேயே, நின்றபடியே பூசுங்கள். வீட்டுக்குப் போய்ப் பூசிக்கொள்ளலாம் என்றால் அதற்குள் தோல் காய்ந்திருக்கும். நான் தொள்ளாயிரம் ரூபாயை விட்டது இந்த இடத்தில்தான்.

எவ்வளவு பூசுவது? ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் வரும் அளவு சுமார் அரை கிராம். ஒரு காலுக்கு அப்படி எட்டு, ஒரு கைக்கு நான்கு. பலரும் இதில் கால்வாசிகூடப் பூசுவதில்லை. எதைப் பூசுவது என்றால், கிளிசரின், யூரியா, செராமைடு இதில் ஏதாவது இருக்கும், வாசனை போடாத லோஷன். செலவு கட்டாதென்றால் மருந்துக்கடைக் கிளிசரின் ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு கலந்து தடவி, மேலே இரண்டு சொட்டு தேங்காயெண்ணெய். ஒரு குறையும் இல்லை. சித்திரை வெயிலில் கெட்டிக் கிரீம் பூசினால் வியர்க்குரு வரும், அப்போது லோஷனுக்கு மாறுங்கள். முகப்பரு உள்ளவர்கள் முகத்தில் தேங்காயெண்ணெய் பூச வேண்டாம்.

வைட்டமின் சி ஸ்ப்ரே: ஒரு கிளைக்கதை

வைட்டமின் சி குளோரினை முறித்துவிடும் என்பது உண்மை. ஒரு மில்லிகிராம் குளோரினுக்கு இரண்டரை மில்லிகிராம் போதும். இதைப் படித்த உற்சாகத்தில் நான் சப்பிச் சாப்பிடும் ஆரஞ்சு மாத்திரையைப் பொடித்து ஸ்ப்ரே பாட்டிலில் கரைத்தேன். அதில் சர்க்கரையும் கலரும் இருப்பது உறைக்கவில்லை. உடம்பு பிசுபிசுத்தது, பையில் எறும்பு ஏறியது.

சுத்தமான அஸ்கார்பிக் அமிலமோ சோடியம் அஸ்கார்பேட்டோ பொடியாகக் கிடைக்கும். எரிச்சல் குறைவு என்பதால் இரண்டாவது மேல். அரை லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம். உடம்பில் ஒட்டிவரும் தண்ணீர் ஒரு டம்ளர் என்று வைத்தாலும் அதில் குளோரின் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது, ஆகவே இந்த அளவே தாராளம். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், மஞ்சளித்தால் கொட்டிவிடுங்கள். என் அபிப்பிராயம்: ஒழுங்கான ஷவர் இருக்கும் இடத்தில் இது தேவையே இல்லை. ஷவர் ஓடாத நாளைக்கு உதவும்.

அதே வைட்டமின் சிதானே என்று எலுமிச்சம்பழத்தை முகத்தில் தேய்த்துக்கொள்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்தது போல் சிவந்து, மாதக்கணக்கில் மறையாத கறுப்புத் திட்டு விழும். ஆப்பசோடாவும் வேண்டாம், அது காரம். பயத்தமாவு, நலங்குமாவு, பீர்க்கங்கூடு எல்லாம் நல்லவைதான். ஆனால் முக்கால் மணி நேரம் ஊறி உப்பிய தோலில் தேய்த்தால் சிராய்ப்புதான் மிஞ்சும். அவற்றை நீச்சல் இல்லாத நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கால் விரல் இடுக்கும், மருந்துக்கடை டியூபும்

குளோரின் தண்ணீரில் உள்ள கிருமியைக் கொல்லும். உடை மாற்றும் அறையின் ஈரத் தரையில் இருப்பதைக் கொல்லாது. அங்கே செருப்பு போடுங்கள். விரல் இடுக்கை ஒவ்வொன்றாகத் துடைத்த பிறகே ஷூ. டவலை யாருக்கும் கொடுக்காதீர்கள், யாருடையதையும் வாங்காதீர்கள். ஈரக் காஸ்ட்யூமைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டி இரவு வரை வைத்திருந்தால் மறுநாள் தொடையில் சின்னச் சின்னக் கொப்புளம் வரலாம். வீட்டுக்கு வந்ததும் அலசி, நிழலில் காயப்போடுங்கள்.

அரிப்பு எல்லாவற்றுக்கும் குளோரின் மேல் பழி போடக்கூடாது. வட்டமாக, ஓரம் தடித்து, நடுவில் தெளிந்து பரவினால் அது படர்தாமரை. காகிள்ஸ் அல்லது கேப் படும் இடத்தில் மட்டும் அச்சுப்போல் சிவந்தால் ரப்பர் ஒவ்வாமையாக இருக்கலாம். சிலிக்கானுக்கு மாறிப் பாருங்கள். மருந்துக்கடையில் "அரிப்புக்கு ஒரு டியூப்" என்று கேட்டு வாங்கும் பழக்கம்தான் ஆபத்து. அப்படிக் கிடைக்கும் பல டியூப்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டு நாளில் அரிப்பு நின்று, நிறுத்தியதும் படை இரண்டு மடங்காகத் திரும்பி வரும். அட்டையில் க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் தொடாதீர்கள்.

கரப்பான் உள்ள பிள்ளைகளை நீச்சலுக்கே அனுப்பக் கூடாது என்பதில்லை. இறங்கும் முன் கை, கால் மடிப்புகளில் பெட்ரோலியம் ஜெல்லி மெல்லிய படலமாக, முதலில் இருபது நிமிடம் மட்டும், ஏறியதும் உடனே அலசி மாய்ஸ்சரைசர். தோல் வெடித்து நீர் வடியும் நாட்களில் மட்டும் விடுப்பு. பெரியவர்களும் திறந்த புண் ஆறும் வரை இறங்க வேண்டாம். வயிற்றுப்போக்கு என்றால் அது நிற்கும் வரை கண்டிப்பாகக் கூடாது.

இதையெல்லாம் இரண்டு வாரம் செய்தும் அரிப்பு குறையவில்லை, தண்ணீரில் இறங்கிய சில நிமிடங்களில் தடிப்புத் தடிப்பாக எழும்புகிறது, கொப்புளத்தில் சீழ் தெரிகிறது என்றால் தோல் டாக்டரிடம் போங்கள். இருமலோ மூச்சிரைப்போ சேர்ந்துகொண்டால் இரண்டு வாரம் காத்திருக்கவே வேண்டாம். போகும்போது பூசுகிற எல்லா டியூப்களையும், எண்ணெய்ப் பாட்டில் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டர் பாதிக் கேள்விக்குப் பதிலை அந்தப் பையிலேயே பார்த்துக்கொள்வார்.